பிஎம்டபிள்யூ எக்ஸ்5: ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றும்போது

ஆறு சிலிண்டர் என்55 பெட்ரோல் எஞ்சின் கொண்ட எக்ஸ்5 வண்டியில், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக்கை நாமே மாற்றலாம். ஆனால் பிளக் திருகப்பட்டிருக்கும் எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது என்பதால், எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே, முடிந்தால் மறுநாள் காலையில், வேலையைத் தொடங்குங்கள். சூட்டோடு கழற்றினால் மரை உரிந்துபோகக்கூடும். அதைச் சரிசெய்யும் செலவு பிளக்கின் விலையைவிடப் பல மடங்கு.

சாதாரண ஸ்பேனர் இங்கே உதவாது. பன்னிரண்டு முனைகள் கொண்ட, மெல்லிய சுவருள்ள 14 மி.மீ. சாக்கெட் கட்டாயம் தேவை. பிளக்குக்கு மேலே அமர்ந்து அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் பூட்டு நெம்புகோலை மேலே தூக்கி இணைப்பை விடுவித்து, காயிலை நேராக மேலே இழுத்து எடுத்தபின், பிளக் குழிக்குள் காற்றை ஊதித் தூசியை அகற்றாமல் பழைய பிளக்கைக் கழற்றவே கூடாது. மணல் துகள் ஒன்று உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் எஞ்சினின் மேலுள்ள வால்வு மூடியின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) கசிகிறது என்று பொருள். முதலில் அதைக் கவனியுங்கள்.

புதிய பிளக்கைச் சிறு ரப்பர் குழாயின் நுனியில் செருகி, விரலாலேயே மரையில் ஏற்றுங்கள். மரை தவறினால் குழாய் வழுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 23 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம்.