முதல் 2 வருடம் கம்யூனிட்டி காலேஜில்

கலிஃபோர்னியாவில் முதல் 2 வருடம் கம்யூனிட்டி காலேஜில் (2 வருட உள்ளூர்க் கல்லூரி) கம்யூனிகேஷன் (தகவல் தொடர்பு) படித்துவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறப் போகிறீர்களா? மயிலாப்பூரில் இருக்கும்போதே ‘அசிஸ்ட்’ இணையதளத்தைத் திறந்து பாருங்கள். கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் எந்தப் பாடத்தை அந்த மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று அதில் இருக்கும். நான் பார்க்காமல் எடுத்த ஒரு பாடம் என் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, உதவவே இல்லை. 3 யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்) காசு தண்டம்.

மேடைப்பேச்சு வகுப்பை முதல் செமஸ்டரிலேயே முடித்துவிடுங்கள். ‘கால் ஸ்டேட்’ எனும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாற அது கட்டாயம். என் முதல் பேச்சு தயிர்சாதம் பற்றி. கை நடுங்கி, குறிப்புச் சீட்டெல்லாம் தரையில்! ஊரில் மொட்டைமாடியில் தம்பியை உட்காரவைத்து, செல்போனில் 5 நிமிட டைமர் வைத்துப் பேசிப் பழகியிருக்கலாம்.

எஃப்-1 எனும் மாணவர் விசா என்றால் செமஸ்டருக்கு 12 யூனிட்டுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கு மொத்தம் 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். அப்புறம், சிலபஸ் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் கேட்கலாம்.