நெல்லிக்கனியும் கில்கமேஷின் செடியும்: தொன்மங்களை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

கோடையில் தர்மபுரிப் பக்கம் போனால் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருக்கும். துரியோதனனின் சாவை நடித்துக் காட்டும் ஒரு படுகளத்தன்று காலையில், மண்ணால் பிடித்துப் படுக்கவைத்த துரியோதனனைப் பார்த்தபடி, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் என் படிப்பைக் காட்டினேன். "ஐயா, கிரேக்கத்துலயும் இதே கதை இருக்கு. இவனுக்குத் தொடை, அங்க அக்கிலீஸுக்குக் குதிகால்." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன் யாருக்குப்பா குதிகாலைக் காட்டுனான்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. துரியோதனன் சபையில் திரௌபதிக்குத் தொடையைக் காட்டினான். அதனால் பீமன் தொடையில் அடிக்கிறான். இது அவமானத்துக்கான கணக்குத் தீர்ப்பு. கிரேக்க வீரன் அக்கிலீஸின் குதிகால், குழந்தையில் ஆற்றில் முக்கியபோது நனையாமல் விட்டுப்போன, வெறும் காப்பில்லாத இடம். 'உடம்பில் ஒரு பலவீனமான இடம்' என்று ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டால் கதையின் உயிரே போய்விடுகிறது.

அதோடு நான் இன்னொன்றையும் கவனிக்கவில்லை. காந்தாரியின் பார்வை படாததால் தொடை மட்டும் இறுகாமல் போனது என்ற கதை வியாசரிடம் கிடையாது, பின்னால் வந்தது. குதிகால் கதையும் ஹோமரின் இலியட்டில் இல்லை. அக்கிலீஸை ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்த கதையை நமக்குச் சொல்பவர் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டாட்டியஸ். பின்னால் வந்த இரண்டு கதைகளை எடுத்துவைத்துக்கொண்டு 'ஆதி மனிதனின் தொல்படிமம்', அதாவது எல்லா மனிதருக்கும் பொதுவான ஆதி உருவம், என்று அளந்திருக்கிறேன்.

அதற்காகப் பின்னால் வந்ததெல்லாம் பிழை என்று ஒதுக்குவதும் தவறுதான். துரியோதனன் ரத்தம் தொட்டுக் கூந்தல் முடிவேன் என்ற சபதம் வியாசரிடம் இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் படுகளத்தில் என்ன மிஞ்சும்? எந்த வடிவம், எந்தக் காலம், யார் யாருக்குச் சொன்னது என்பதைச் சொல்லிவிட்டு ஒப்பிட்டால் போதும்.

வெள்ளக் கதைகளில் நடக்கும் தவறு வேறு மாதிரி. 'உலகம் முழுக்க ஒரே பிரளயம்' என்று முடித்துவிடுகிறோம். வெள்ளம் ஏன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மெசபடோமியாவின் அத்ரஹாசிஸ் கதையில், மனிதர்கள் போடும் சத்தத்தில் என்லில் என்ற கடவுளுக்குத் தூக்கம் கெட்டது. பைபிளின் நோவா கதையில் மனிதர்களின் தீமை. வேதகால நூலான சதபத பிராமணத்தின் மனு கதையில் யாருக்கும் தண்டனை இல்லை. காப்பாற்றிய மீன் கைம்மாறு செய்கிறது. நம் கடல்கோள் கதையில் போனது நிலமும் சங்கமும். இவற்றில், அத்ரஹாசிஸ் வெள்ளத்தையே திரும்பச் சொல்லும் மெசபடோமியாவின் கில்கமேஷ் காவியத்துக்கும் நோவாவின் வெள்ளத்துக்கும் உறவைத் துணிந்து சொல்லலாம். இரண்டிலும் தண்ணீர் வடிந்ததா என்று பார்க்கப் பறவைகளை விடுகிறார்கள், இரண்டிலும் புறாவும் காக்கையும் உண்டு. இப்படிப்பட்ட சின்ன விவரம்தான் சாட்சி. 'எல்லாம் இங்கிருந்துதான் போனது' என்பவர்கள் இதைத் தேடுவதே இல்லை.

சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அதியமானின் நெல்லிக்கனியை 'சாவாமை தரும் கனி' என்ற பட்டியலில் கில்கமேஷின் செடிக்கும் வட ஐரோப்பாவின் நார்ஸ் தேவர்களின் ஆப்பிளுக்கும் பக்கத்தில் வைப்பது வழக்கம். வையுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். கில்கமேஷ் நண்பனைப் பறிகொடுத்து, சாவுக்குப் பயந்து, நீருக்கடியில் இறங்கி இளமை தரும் அந்தச் செடியை எடுக்கிறான். குளிர்ந்த குளத்தில் குளிக்கும்போது பாம்பு அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. போகிற போக்கில் சட்டையையும் உரிக்கிறது. அதியமானிடமிருந்து யாரும் திருடவில்லை. கனியின் சிறப்பை மனதுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு ஔவைக்குக் கொடுத்துவிட்டான். 'சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே' என்று ஔவை பாடுவது புறநானூறு 91. அங்கே மனிதன் சாவை ஒப்புக்கொள்ளும் கதை, இங்கே கொடையின் கதை.

கடைசியாக, எல்லா வீரனையும் 'புறப்பட்டான், வென்றான், திரும்பினான்' என்ற அச்சில் வார்ப்பது. அமெரிக்கத் தொன்ம ஆய்வாளர் ஜோசப் கேம்பல் 1949இல் முன்வைத்த இந்த வரைபடத்தை எதற்கும் பொருத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நடுகற்கள் அதற்குள் அடங்காது. 'தொறு மீட்டுப் பட்டான்' என்பதுதான் கல்வெட்டின் பேச்சு: மாட்டை மீட்டான், செத்தான். மாடு திரும்பியது, ஆள் திரும்பவில்லை. கல்லாக நின்று, வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பல ஊர்களில் பொங்கல் வாங்கிக்கொள்கிறான்.

கனியைக் கொடுத்த அதியமானும் அப்படிக் கல்லானவன்தான். புறநானூறு 232இல் ஔவை கேட்கிறாள்: மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், மயிற்பீலி சூட்டிய கல்லுக்கு முன்னால் சின்னக் கலத்தில் ஊற்றும் இந்தக் கள்ளை வாங்கிக்கொள்வானா?