நெருக்கமான ஆளுநர் தேர்தலைக் கணக்கிட்டுப் பின்தொடர்வது எப்படி? கான்சஸ் 2018 வழியாக ஒரு செய்முறை

அமெரிக்க மாநிலங்களின் ஆளுநர் தேர்தலைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் நவம்பரைத்தான் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆனால், கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைமை அறிவிக்காமல் வாக்காளர்களே முடிவுசெய்யும் பிரைமரியில்தான் பல நேரங்களில் பெரிய இழுபறி நடக்கிறது. 2018 ஆகஸ்ட் 7 அன்று கான்சஸில் நடந்த குடியரசுக் கட்சி பிரைமரியைக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாகக் கணக்கிட்டபோது நான் கற்றுக்கொண்ட முறை இது.

முதலில், யார் வாக்களிக்கலாம் என்று பாருங்கள். கான்சஸில் வேறு கட்சியில் பதிந்தவர் இந்த பிரைமரியில் வாக்களிக்க முடியாது. எக்கட்சியிலும் பதியாதவர் வாக்குச்சாவடியிலேயே கட்சியில் பதிந்துகொண்டு வாக்களிக்கலாம்.

அடுத்து, வெல்ல எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். ஜார்ஜியாவில் யாரும் 50 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கு மறுசுற்று உண்டு. அதே 2018இல் அங்கே குடியரசுக் கட்சி பிரைமரியின் முதல் சுற்றில் இரண்டாமிடம் பெற்ற பிரையன் கெம்ப், மறுசுற்றில் கேசி கேகிளை வென்றார். கான்சஸில் மறுசுற்று கிடையாது. ஒரு வாக்கு கூடுதலாக இருந்தாலே போதும்.

மூன்றாவது படியில்தான் நான் தவறினேன், ஆகவே இங்கே நிதானியுங்கள். கூகுள் ஷீட்டில் 105 கவுண்டிகளுக்கும் ஒரு வரிசை போட்டு, மாநில அரசின் இணையப் பக்கத்திலிருந்த எண்களை மட்டுமே நிரப்பினேன். வேட்பாளர்களில் ஒருவரும், தேர்தல் நிர்வாகத்தைக் கவனிக்கும் மாநிலச் செயலருமான கிரிஸ் கோபாக், பதவியிலிருந்த ஆளுநர் ஜெஃப் காலியரைவிட 191 வாக்குகள் முன்னே இருந்தார். அதையே முடிவாக எடுத்துக்கொண்டேன். பிறகுதான் தாமஸ் கவுண்டியில் காலியர் பெற்றது 522 என்பதும், மாநிலப் பக்கத்தில் அது 422 என்று பதிவாகியிருந்ததும் தெரியவந்தன. முன்னிலை ஒரே நாளில் 91 ஆகச் சுருங்கியது. அன்றிலிருந்து மாநில எண்ணுக்கு ஒரு பத்தி, கவுண்டி எண்ணுக்கு ஒரு பத்தி, வித்தியாசத்துக்கு ஒரு பத்தி என மூன்று வைத்திருக்கிறேன். தொலைக்காட்சியின் வண்ண வரைபடத்தைவிட இந்த மூன்று பத்திகளையே நான் நம்புகிறேன்.

நான்காவதாக, எண்ணாமல் மீதமிருப்பவற்றைக் கணக்கில் கொள்ளுங்கள். 2018இல் கான்சஸில் இருந்த விதிப்படி, தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை பெற்று மூன்று நாளில் வந்துசேர்ந்த வாக்குச்சீட்டுகளும், தகுதியைச் சரிபார்த்த பின் ஏற்கப்பட்ட தற்காலிக வாக்குச்சீட்டுகளும் அன்றிரவுக் கணக்கில் வரவில்லை. அவை சேர்ந்தபோது முன்னிலை மீண்டும் கூடியது; ஆகஸ்ட் 14 அன்று காலியர் தோல்வியை ஏற்றார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் இறுதி வித்தியாசம் 343 மட்டுமே.

பின்சேர்க்கை: வேட்பாளரே மாநிலச் செயலராக இருந்தால் எண்ணிக்கை அவர் கையிலா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வாக்குகளை எண்ணிச் சரிபார்ப்பவை கவுண்டிகள்தாம். ஆனால் அவற்றுக்கு வழிகாட்டுதல் தருவது மாநிலச் செயலரின் அலுவலகம். எதிர்ப்புக்குப் பின் கோபாக் அப்பொறுப்பிலிருந்து விலகித் தம் துணை அதிகாரியிடம் ஒப்படைத்தார். தொடக்கத்திலேயே விலகியிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

நவம்பருக்கு அதே ஷீட்டைப் பயன்படுத்தும்போது சுயேச்சைகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி சுமார் 48 விழுக்காடும், கோபாக் 43 விழுக்காடும் பெற்றனர். சுயேச்சையான கிரெக் ஓர்மன் பெற்ற ஆறரை விழுக்காடு, அவ்விருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தைவிடப் பெரியது.