ஏர் ஃபில்டரை நீங்களே மாற்றலாம், கிளிப்பில் மட்டும் கவனம்

போன வருடம் சர்வீஸ் முடிந்து வந்த காரின் பானெட்டை வேறு எதற்கோ திறந்தேன். எஞ்சினுக்குப் போகும் காற்றில் தூசியை வடிகட்டும் ஏர் ஃபில்டர் பெட்டியின் நாலு கிளிப்பில் ஒன்று மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் ஃபில்டர் புதுசுதான், பில்லில் போட்டது பொய்யில்லை, ஆனால் ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் பக்கத்தில் விரலை வைத்தால் மாவு மாதிரி தூசி ஒட்டுகிறது. அன்றிலிருந்து இந்த வேலையை யாரிடமும் கொடுப்பதில்லை. பத்து நிமிடம்தான் ஆகும், சில கார்களுக்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், பலவற்றுக்கு அதுவும் வேண்டாம்.

எஞ்சின் ஆறின பிறகு ஆரம்பியுங்கள். பானெட்டுக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும், அதிலிருந்து தடிமனான ஒரு குழாய் எஞ்சினுக்குப் போகும். சில கார்களில் பெட்டி பேட்டரி பக்கம் இருக்கும், சில சின்ன கார்களில் எஞ்சின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். எதுவாக இருந்தாலும் அந்தக் குழாயைப் பின்தொடர்ந்தால் கண்டுபிடித்துவிடலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டர் வேறு, இது வேறு. கடையில் வெறுமனே "ஃபில்டர்" என்று கேட்டு அதை வாங்கி வந்தவர்கள் உண்டு.

கிளிப்பைக் கழற்றுமுன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டில் கிடந்து பிளாஸ்டிக் விறைத்திருக்கும், முரட்டுத்தனமாக நெம்பினால் உடையும், அப்புறம் ஒரு கிளிப்புக்காக முழுப் பெட்டியும் வாங்க வேண்டி வரலாம். மூடியிலோ குழாயிலோ ஒயரோடு ஒரு சென்சார் இருந்தால் மூடியை இழுக்காமல், ஃபில்டர் வெளியே வருகிற அளவுக்கு மட்டும் தூக்குங்கள்.

இப்போது ஃபில்டரைப் பாருங்கள். கறுத்துப்போயிருக்கிறது என்பதற்காகவே தூக்கிப்போட வேண்டாம், லேசாகத் தூசி படிந்த ஃபில்டர் புதுசைவிட நன்றாகவே வடிகட்டும். மடிப்புகளை விரலால் விரித்து அடிவரை பாருங்கள், பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் பரவலாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். மடிப்புக்குள் மண் கட்டியாக அடைத்து வெளிச்சமே வரவில்லை என்றாலோ, காகிதம் கிழிந்திருந்தாலோ, ரப்பர் ஓரம் வெடித்திருந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். எண்ணெய் ஊறியிருந்தால் ஃபில்டரை மாற்றினாலும் அது திரும்ப வரும், காரணம் எஞ்சினில் இருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வண்டியை ரொம்ப நாள் நிறுத்தி வைத்திருந்தால் உள்ளே எலி தேங்காய் நார், துணி என்று கொண்டுவந்து வீடே கட்டியிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். மழைத் தண்ணீரில் ஓட்டி வந்து பெட்டிக்குள் ஈரம் தெரிந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள், சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. பஞ்சர் கடையில் காற்று அடித்துச் சுத்தம் செய்யலாம்தான், ஆனால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, தள்ளிப் பிடித்து, மெதுவாக. பக்கத்தில் வைத்து முழு அழுத்தத்தில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். தூசியான ரோடு என்றால் அதற்கு முன்பே மாற்றச் சொல்லித் தனியாகப் போட்டிருப்பார்கள். செங்கல் சூளை, கல் குவாரி பக்கம் தினமும் போய் வருகிறவர்களுக்கு அந்த வரிதான் முக்கியம்.

மைலேஜ் ஏறும் என்று நம்பி மாற்றாதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் சோதித்துப் பார்த்தது: ஃபில்டர் அடைத்தாலும் இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார்களில் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, ஏனென்றால் வரும் காற்றுக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. அடிபடுவது பிக்கப்தான். அப்படிக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளாத பழைய கார்புரேட்டர் வண்டிகளின் கதை வேறு.

புது ஃபில்டரைப் போடுமுன் பழையதோடு ஒட்டிவைத்து நீளம், அகலம், ரப்பர் ஓரத்தின் உயரம் மூன்றையும் பாருங்கள். டூப்ளிகேட் பெரும்பாலும் அந்த ரப்பரில்தான் மாட்டிக்கொள்ளும். அடுத்து பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எஞ்சினுக்குப் போகும் வாயைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு, அடியில் கிடக்கும் சருகு, மண்ணை வேக்குவம் கிளீனரால் எடுங்கள், அல்லது லேசாக நனைத்த துணியால் துடையுங்கள், ஊதித் தள்ள வேண்டாம். துணியைத் திரும்ப எடுக்க மறக்காதீர்கள், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

ஃபில்டரை வைத்ததும் ரப்பர் ஓரம் பள்ளத்தில் நாலு பக்கமும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். ஓரத்தில் நூலளவு இடைவெளி இருந்தால் அவ்வளவு காற்றில் ஒரு பங்கு வடிகட்டாமலே உள்ளே போகும், அதில் வரும் பொடி மணல் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அடைத்த ஃபில்டர் தடுக்கிற வேலையையாவது செய்யும், சரியாக உட்காராத புது ஃபில்டர் அதையும் செய்யாது. மூடியின் பின்பக்கம் நாக்குப் போல இருப்பவற்றை முதலில் செருகிவிட்டுக் கிளிப்பைப் போடுங்கள். கிளிப் சுலபமாக இடத்தில் விழ வேண்டும். அழுத்தித்தான் மாட்ட வேண்டியிருக்கிறது என்றால் உள்ளே ஏதோ கோணலாக இருக்கிறது, திரும்பத் திறங்கள்.

ஸ்டார்ட் செய்து பெட்டிப் பக்கம் காதைக் கொடுங்கள். உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தமோ, செக் எஞ்சின் விளக்கோ வந்தால் மூடி அல்லது சென்சார் கனெக்டர் சரியாக மாட்டவில்லை.

இன்னொன்று. புது ஃபில்டரின் ஓரத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த சர்வீஸில் "சார், ஃபில்டர் சுத்தமா போச்சு" என்று யாராவது சொன்னால், எடுத்துக் காட்டச் சொல்லி அந்த எழுத்தைத் தேடுங்கள்.