பிள்ளை "ஒன்றுமில்லை" என்று சொன்னால்: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பாடசாலையில் பிள்ளையைப் பதியும் நாளில் பெற்றோர் கேட்பதெல்லாம் பாடத்தையும் பஸ்ஸையும் பற்றித்தான். அன்றே இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "பிள்ளைக்கு மனக்கஷ்டம் என்றால் இங்கே யாரிடம் போவது?" கனடாவில் வழிகாட்டல் ஆசிரியரைச் சொல்வார்கள், பிரித்தானியாவில் மாணவர் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியரை, ஜேர்மனியிலும் சுவிஸிலும் பாடசாலைச் சமூகப் பணியாளரை. பதவி எதுவானாலும் ஆளின் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதி வாங்குங்கள். தேவை வரும் நாளில் அதைத் தேடித் திரியும் நிலையில் இருக்க மாட்டீர்கள்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன மனவருத்தம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவர்களிடம் காணும் மனநோய்களில் பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன.

மொழியா, மனமா?

புதிதாக வந்த பிள்ளைகளிடம் அதிகம் குழப்புவது இதுதான். புது மொழிக்குள் விழுந்த பிள்ளை சில மாதம் வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பது வழக்கம். காது வேலை செய்துகொண்டிருக்கும், வாய் பின்னால்தான் வரும். ஆசிரியர் இதை மனச்சோர்வு என்று நினைக்கலாம். அதைவிட மோசம், உண்மையான மனச்சோர்வை "மொழி வந்தால் சரியாகிவிடும்" என்று ஒரு வருடம் தள்ளிப்போடுவது.

பிரித்தறிய வீட்டைப் பாருங்கள். பாடசாலையில் ஊமை, வீட்டில் தம்பியோடு சண்டை, சிரிப்பு, தமிழில் ஓயாத கதை என்றால் பெரும்பாலும் மொழிதான். வீட்டிலும் கதை குறைந்து, முன்பு விரும்பியதை எல்லாம் விட்டு, நித்திரையும் சாப்பாடும் மாறி, அது இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் மொழியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

மனதில் இருப்பதைப் பல பிள்ளைகள் உடம்பால்தான் சொல்வார்கள். ஞாயிறு மாலை தொடங்கும் வயிற்றுவலி, திங்கள் காலை தலையிடி, விடுமுறையில் இரண்டுமே இல்லை. இதைக் கள்ளம் என்று அதட்டினால் வலி போகாது, உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும். வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். வருத்தம் எதுவும் இல்லையென்றால் பாடசாலையில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். கேலியும் ஒதுக்கலும் பெரும்பாலும் வகுப்புக்குள் நடப்பதில்லை. மதிய இடைவேளை, பஸ், கழிவறை, வாட்ஸ்அப் குழு, இவைதான் இடங்கள்.

பாடசாலைக்கு எழுதுவது

வாசலில் நின்று சொன்ன விசயம் மறக்கப்படும், ஆகவே எழுதுங்கள். "என் மகள் சரியில்லை" என்று எழுதினால் "கவனித்துக்கொள்கிறோம்" என்ற பதில்தான் வரும். இப்படி எழுதுங்கள்: "மூன்று கிழமையாக மகள் இரவு 2 மணிக்குப் பிறகே தூங்குகிறாள். இந்த மாதம் ஐந்து நாள் பாடசாலைக்குப் போக மறுத்தாள், அதில் நான்கு நாள் உடற்பயிற்சிப் பாடம் இருந்தது. சந்தித்துக் கதைக்க ஒரு நேரமும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் தேவை." திகதி, எண்ணிக்கை, என்ன வேண்டும் என்ற கோரிக்கை மூன்றும் இருந்தால் தட்டிக்கழிப்பது கடினம். ஐந்து பாடசாலை நாட்களில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலை அதிபருக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய பேச்சைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை நிச்சயம் பாதியை விழுங்கும். அக்காவும் வேண்டாம், தெரிந்த மாமாவும் வேண்டாம். அவுஸ்திரேலியாவில் 131 450 என்ற அரச மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் கேட்கலாம். மற்ற நாடுகளில் சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள், அன்று காலையில் கேட்டால் கிடைக்காது.

உளவளத்துணையாளரிடம் பிள்ளை சொன்னது முழுவதையும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கோபம் வரும், ஆனால் அந்த இரகசியம் இருப்பதால்தான் பிள்ளை வாய் திறக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றாலோ யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றாலோ அவர்கள் மறைக்க மாட்டார்கள். "சொன்னால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்ற பயம் நம்மிடையே பலமாக உண்டு. மனநல உதவி கேட்டதற்காக மட்டும் பிள்ளையைப் பிரிப்பதில்லை. ஆனால் வீட்டில் அடிக்கிறார்கள் என்று பிள்ளை சொன்னால், கனடா போன்ற நாடுகளில் ஆசிரியர் அதை அறிவித்தே ஆக வேண்டும், அது சட்டம். அடித்துத் திருத்தலாம் என்ற எண்ணத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

வெளியே போகும்போது

பாடசாலையால் முடியாததற்குக் குடும்ப வைத்தியர்தான் அடுத்த வாசல். இங்கிலாந்தில் அவர் காம்ஸ் எனப்படும் சிறுவர் மனநலப் பிரிவுக்கு எழுதுவார். அவுஸ்திரேலியாவில் அவர் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதிக்கொடுத்தால் ஆண்டுக்கு 10 அமர்வுகள் வரை மெடிகேர் எனும் அரச மருத்துவக் காப்புறுதி பங்களிக்கும். அங்கே 12 முதல் 25 வயதினர் ஹெட்ஸ்பேஸ் என்ற இளையோர் மனநல நிலையங்களுக்கு வைத்தியரின் கடிதமின்றியே போகலாம். எங்கும் காத்திருப்பு நீளம். பலர் இடத்தைத் தவறவிடுவது தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காததால்தான், எடுக்காவிட்டால் கோப்பை மூடிவிடும் இடங்களும் உண்டு. காத்திருக்கும் மாதங்களில் பிள்ளையின் நிலை மோசமானால் திரும்ப வைத்தியரிடம் போய்ச் சொல்லுங்கள், வரிசையில் முன்னே நகர அது உதவலாம்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியரும் விளையாட்டுக் கழகப் பயிற்றுநரும் பிள்ளையைக் கிழமைக்கு ஒருமுறை பார்ப்பவர்கள். மாற்றம் அவர்கள் கண்ணில் முதலில் படலாம். பட்டால் பெற்றோரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லட்டும், மண்டப வாசலில் நாலு பேர் முன்னால் வேண்டாம்.

அவசரம்

சாவைப் பற்றிய பேச்சு, தன்னையே காயப்படுத்திய தழும்பு, ஆசைப்பட்ட பொருளைத் திடீரென்று மற்றவருக்குக் கொடுப்பது, இவற்றைக் கண்டால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று யோசிக்கிறாயா?" கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் திட்டாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள், தனியே விடாதீர்கள். அம்மம்மாவின் பிறசர், சீனி மாத்திரைகள் உட்பட வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் பூட்டுங்கள்.

தற்கொலை எண்ணம் என்றால் உடனே அழைக்க, கனடாவிலும் அமெரிக்காவிலும் 988. இங்கிலாந்தில் 111 அழைத்து 2 ஐ அழுத்த வேண்டும். பிள்ளை தானே கதைக்க பிரித்தானியாவில் 0800 1111, கனடாவில் 1-800-668-6868, அவுஸ்திரேலியாவில் 1800 55 1800, ஜேர்மனி, நோர்வே, டென்மார்க்கில் 116 111, சுவிஸில் 147. உயிராபத்து என்றால் கனடாவிலும் அமெரிக்காவிலும் 911, பிரித்தானியாவில் 999, அவுஸ்திரேலியாவில் 000, மற்ற ஐரோப்பிய நாடுகளில் 112. எண்களைப் பிள்ளையின் தொலைபேசியிலும் போட்டுக்கொடுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது பிள்ளை எடுக்கும் மருந்துகளின் பெட்டிகளையும் கையோடு கொண்டுபோங்கள்.