பூப்போட்டுப் பாருங்கள், பிரிக்குமுன் கொஞ்சம் நில்லுங்கள்

சிங்கப்பூரில் இரண்டு மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் எதை வாங்குவது என்று முடிவு வரவில்லையென்றால், சிவப்புப் பூ ஒன்றுக்கு, வெள்ளைப் பூ மற்றதற்கு எனப் பொட்டலம் கட்டி ஒன்றை எடுங்கள், ஆனால் பிரிக்குமுன் எந்த நிறம் வரவேண்டும் என்று மனம் ஏங்குகிறது என்பதைக் கவனியுங்கள், உங்கள் விருப்பம் அதுதான். விலை, எம்ஆர்டி ரயில் நிலையத் தூரம் எல்லாம் சமமாக நிற்கும்போது இன்னும் கணக்குப் போட்டுப் பயனில்லை. உள்ளே ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பக்கம் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். (சாமி சொன்னது என்று எடுத்துக்கொண்டாலும் சரி.)

கணக்கே போடாதவர்களுக்கு இது ஆகாது. வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை வீட்டின் குத்தகை மிச்சமில்லையென்றால் மத்திய சேமநிதியிலிருந்து வீட்டுக்கு எடுக்கக்கூடிய தொகை குறையும், அதைப் பூ சொல்லாது. அப்புறம், ஆப்ஷன் (விற்பவர் தரும், வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம்) வாங்குமுன்பே பூப்போட்டுவிடுங்கள். அது செல்லுபடியாகும் 21 நாளில் மனம் மாறினால் அதற்குக் கொடுத்த கட்டணம், 1,000 வெள்ளி வரை, போனதுதான்.