மொரீஷியஸ்ல ஒரு நாள் சைக்கிள் சவாரி: புதுசா கிளம்புறவங்களுக்கு

இங்க வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க நிறைய பேர் லீவு நாள் வந்தா வேன் புடிச்சு ஒரே நாள்ல நாலு பீச், ரெண்டு கோயில், ஒரு மால்னு ஓடிட்டு ராத்திரி ரூமுக்கு வந்து அப்படியே படுத்துடறாங்க, கேட்டா தீவையே பாத்தாச்சுன்னு சொல்றாங்க. வேன் ஜன்னல் வழியா பாக்கறதுல கடலோட வாசனையும் தெரியாது, ரோட்டோரம் யார் வீட்ல என்ன தாளிக்கிறாங்கன்னும் தெரியாது. சைக்கிள்ல ஒரு நாள் போய்ப் பாருங்க. ஸ்கூல் முடிச்சதுக்கப்புறம் சைக்கிளையே தொடாதவங்களும் போகலாம், அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

முதல்ல இடத்தை சின்னதாக்குங்க

மேப்ல பாத்தா தீவு குட்டியா தெரியும். ஆனா நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45, நடுவுல பூரா மலையும் மேடும். முழுசா ஒரு சுத்து சுத்திடலாம்னு கிளம்பினா சாயங்காலம் முட்டி போயிடும். தென்கிழக்கு மூலைல இருக்கற மாஹேபூரை மட்டும் வெச்சுக்கோங்க. அங்கேருந்து காலைல ஒரு பக்கம் வியூ கிரான் போர் வரைக்கும், சாப்ட்டுட்டு இன்னொரு பக்கம் புளூ பே வரைக்கும். ரெண்டும் சேத்து போக வர 25 கிலோமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட எல்லாமே சமதரை.

மாஹேபூருக்கு போர்ட் லூயில இருந்தும் கியூர்பிப்ல இருந்தும் பஸ் இருக்கு. மெட்ரோ போற வழியில இருக்கறவங்க அதுல கியூர்பிப் வந்து பஸ் மாறிக்கலாம். பஸ்ல சைக்கிளை ஏத்த முடியாது, அதனால அங்க போய் வாடகைக்கு எடுங்க. மாஹேபூர், புளூ பே பக்கம் கெஸ்ட் ஹவுஸ்லயே தருவாங்க, முந்தின நாளே போன் பண்ணி சொல்லிடுங்க.

மே முதல் அக்டோபர் வரைக்கும் வெயில் தாங்கக்கூடியதா இருக்கும். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் புழுக்கம், புயல் சீசன் வேற. ஜூன்ல இருந்து வருஷக் கடைசி வரைக்கும் கரும்பு வெட்டு, அப்போ கரும்பு லாரி ரோட்டை அடைச்சிட்டு வரும், அதுக்கு ஞாயித்துக்கிழமை பரவாயில்ல. திங்கக்கிழமை லீவு கிடைச்சா மாஹேபூர்ல பெரிய சந்தை, அதையும் பாத்துடலாம்.

காத்தை கவனிங்க

இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. இந்த மூலைல காத்து பெரும்பாலும் தென்கிழக்குல இருந்து, கடல்ல இருந்து கரையைப் பாத்து அடிக்கும். இங்கத்த குளிர்காலத்துல (ஜூன், ஜூலை பக்கம்) இன்னும் பலமா இருக்கும். காலைல அடங்கி இருக்கும், வெயில் ஏற ஏற காத்தும் ஏறும். எதிர்காத்துல 5 கிலோமீட்டர் ஓட்டறது சும்மா ஓட்டற 10 கிலோமீட்டருக்கு சமம், புதுசா ஓட்டறவங்க நமக்கு தெம்பு இல்லபோலன்னு நெனச்சு மனசு விட்டுடறது இங்கதான்.

அதனால வியூ கிரான் போர் பக்கத்தை காலைல காத்து ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. அந்த ரோடு வளைஞ்சு வளைஞ்சு போறதால எந்தப் பக்கமா போனாலும் கொஞ்ச தூரம் எதிர்காத்து வரும். புளூ பேயை மத்தியானத்துக்கு வெச்சுக்கோங்க. போகும்போது முகத்துல அடிக்கும், ஆனா 6 கிலோமீட்டர்தான், வரும்போது அதே காத்து முதுகுல கை வெச்சு தள்ளிட்டு வரும், களைச்ச காலுக்கு அதுதான் வேணும்.

சைக்கிளை வாங்கும்போது

அவசரப்படாதீங்க, அஞ்சு நிமிஷம் எடுத்துக்கோங்க. டயரை கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, நல்லா அமுங்கினா காத்தடிக்க சொல்லுங்க. முன் பிரேக்கை மட்டும் புடிச்சுக்கிட்டு வண்டியை முன்னால தள்ளுங்க, முன்சக்கரம் உருளக்கூடாது. பின் பிரேக்கையும் அதே மாதிரி. எந்தக் கைல எந்த பிரேக்குன்னு அப்பவே மனசுல ஏத்திக்கோங்க, இறக்கத்துல போய் தேடக்கூடாது. சீட்ல உக்காந்து பெடலை முழுசா கீழ கொண்டுவந்து குதிகாலை அது மேல வெச்சா கால் நேரா நீளணும், அதுதான் சரியான உயரம். நம்ம ஆளுங்க பயத்துல சீட்டை தாழ்த்தி வெச்சு ஓட்டுவாங்க, அரை மணில முட்டி வலிக்கும். எங்க கூட்டத்துல ஒரு அக்கா கீழயே இருக்கட்டும் தம்பின்னு அடம் புடிச்சாங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் குடுத்ததும் அவங்கதான் எல்லாருக்கும் முன்னாடி போனாங்க.

கியர் இருந்தா மேடு வர்றதுக்கு முன்னாடியே லேசான கியருக்கு மாத்துங்க, ஏறும்போது அழுத்தி மிதிச்சுக்கிட்டே மாத்தினா செயின் கழண்டுடலாம். ஹெல்மெட் கேட்டு வாங்குங்க. ரெண்டு பாட்டில் தண்ணி, தொப்பி, சன் ஸ்க்ரீன், ஒரு துண்டு, சில்லறை நோட்டு (நம்ம தமிழ் எழுத்து போட்ட நோட்டுதான், தெருக்கடைல கார்டெல்லாம் நடக்காது). ரோடு நம்ம ஊர் மாதிரி இடது பக்கம். பல இடத்துல ரோடு குறுகல், அதனால ஒருத்தர் பின்னால ஒருத்தரா போங்க, ஜோடியா பேசிக்கிட்டு போக வேணாம்.

காலை

கிளம்பறதுக்கு முன்னாடி சாப்பிடுங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டால்பூரி விக்கிறவங்க இருப்பாங்க. மெல்லிசா, உள்ள வேகவெச்ச பருப்புத்தூள் வெச்சு, ரெண்டு ரெண்டா தருவாங்க. கூட மொச்சைக் குழம்பு, தக்காளி ருகாய் (நம்ம தொக்கு மாதிரி), கொத்தமல்லி சட்னி, மிளகா. பேப்பர்ல சுருட்டி கைல குடுக்கும்போது சூடு உள்ளங்கைக்கு தெரியும். கத்தோ பிமான்னு நம்ம பருப்பு வடையோட தம்பியும் கிடைக்கும், அதுல நாலு பைல போட்டுக்கோங்க.

கேவண்டிஷ் பாலம் தாண்டினா வில் நுவார். அங்க 1870ல இருந்து மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட் போடற ரோல் குடும்பத்து பேக்டரி இருக்கு, வார நாள்ல போனா சுத்திக் காட்டுவாங்க. அப்புறம் ரிவியேர் தே கிரயோல், ஃபெர்னே, ரெண்டு பக்கமும் கரும்பு, எதிர்ல சிங்கம் படுத்த மாதிரி லயன் மவுண்டன். ஃபெர்னே தாண்டினதும் ரோடு கடலை ஒட்டிப் போகும், சில இடத்துல சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணிதான். மெதுவா போங்க, நிறுத்தி நிறுத்திப் போங்க.

டச்சுக்காரங்க 1598ல கரை இறங்கினது இந்த விரிகுடாலதான். 1638ல குடியேறினாங்க, கரும்பையும் மானையும் ஜாவால இருந்து கொண்டுவந்தாங்க, 1710ல விட்டுட்டுப் போயிட்டாங்க. வியூ கிரான் போர்ல அவங்க கோட்டையோட இடிபாடும் ஒரு மியூசியமும் இருக்கு. அங்க உக்காந்து வடையை சாப்ட்டுட்டு திரும்பிடுங்க. இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஆசை வரும், மத்தியானத்துக்கு கால்ல கொஞ்சம் தெம்பை மிச்சம் வெச்சுக்கோங்க.

மத்தியானம்

வெயில் உச்சில இருக்கும்போது ஓட்டாதீங்க. மாஹேபூருக்கு வெளியில பழைய பிரெஞ்சு பங்களா ஒண்ணு நேஷனல் ஹிஸ்டரி மியூசியமா இருக்கு, நிழலான தோட்டம். 1810 ஆகஸ்ட்ல இந்த விரிகுடால பிரெஞ்சுக்கும் பிரிட்டிஷுக்கும் கடல் சண்டை, பிரெஞ்சு ஜெயிச்சது. காயம்பட்ட ரெண்டு பக்கத்து கமாண்டர்களுக்கும் வைத்தியம் பாத்தது இதே வீட்லதான். எதிரிங்க ரெண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழ படுத்திருந்த அந்த வீட்ல நிக்கறதே எனக்கு ஒரு மாதிரி மனசை தொடும். அதே வருஷக் கடைசில பிரிட்டிஷ் வடக்குப் பக்கமா இறங்கி தீவைப் புடிச்சது வேற கதை.

வெயில் சாஞ்சதும் புளூ பே. வழியில புவான்த் டெஸ்னி, அங்க வீடுங்களுக்கு நடுவுல கடற்கரைக்கு போற சந்து வரும், ஒண்ணுல இறங்கிப் பாருங்க. தூரத்துல அலை வெள்ளையா உடையற இடம்தான் பவளப்பாறை. 2020 ஜூலைல வகாஷியோ கப்பல் தட்டினது அந்தப் பாறைலதான். எண்ணெய் கசிஞ்சப்போ ஊர் ஜனங்க யாருக்காகவும் காத்திருக்காம காஞ்ச கரும்புத் தோகையை துணில அடைச்சு, தைச்சு, மிதவை கட்டி கடல்ல போட்டாங்க. அதனால இங்க ஒரு பிளாஸ்டிக் கவர்கூட விட்டுட்டு வராதீங்க.

புளூ பேல சவுக்கு மரத்தடில சைக்கிளை பூட்டு போட்டு, பை பக்கத்துல ஒருத்தரை உக்கார வெச்சுட்டு குளிங்க. கடல் பாதுகாப்பு பகுதி அது, பவளத்து மேல கால் வைக்காதீங்க, எதையும் உடைச்சு எடுக்காதீங்க. போட்டுங்க ஓடற பக்கம் போகாம மிதவை கட்டின எல்லைக்குள்ளயே இருங்க. நீச்சல் தெரியாதவங்க இடுப்பளவு தண்ணியோட நிறுத்திக்கோங்க. வெளில வந்ததும் உப்பு மிளகா போட்ட அன்னாசி வாங்கி சாப்பிடுங்க, ஈரத் தலையோட அதை சாப்பிடற சுகமே தனி.

ஜூன், ஜூலைல 6 மணிக்கெல்லாம் இருட்டிடும், பஸ்ஸும் அதுக்கப்புறம் குறைஞ்சுடும். நாலரைக்கு கிளம்பினா போதும், பின்காத்து இருக்கு. சைக்கிளை திருப்பிக் குடுக்கும்போது மணலை துண்டால தட்டிவிட்டு குடுங்க, அடுத்த தடவை நல்ல வண்டியா பாத்து எடுத்து வெப்பாங்க.